மதியப் பார்சலில் எவ்வளவு மரக்கறி?

[காட்சி: மேசையில் பிரித்த சோத்துப் பார்சல்]

வெள்ளவத்தையில் மத்தியானம் வாங்கிய பார்சல் இது. சோறு குவிந்திருக்கிறது. ஓரத்தில் பருப்பு, உருளைக்கிழங்குக் கறி, கோழித் துண்டு ஒன்று, ஒரு கிள்ளு கீரை வறை.

உலக சுகாதார நிறுவனம் கேட்பது நாளுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும். கிழங்கு அந்தக் கணக்கில் வராது. ஆக, இங்கே மிஞ்சும் மரக்கறி அந்தக் கிள்ளு வறைதான். சோற்றில் மூன்றிலொன்றைக் குறைத்து, அந்த இடத்துக்கு வறையும் போஞ்சியும் கேளுங்கள். வெள்ளைச் சோற்றுக்குப் பதில் சிவப்பரிசி என்றால் இன்னும் நல்லது, அதில் நார்ச்சத்து கூட. குடலிலுள்ள பக்டீரியாக்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைக்கும்போது பியூட்டிரேட் என்ற கொழுப்பமிலம் உண்டாகிறது. பெருங்குடலின் உட்சுவருக்கு அதுதான் தீனி.

[காட்சி: தட்டில் சொசேஜஸ்]

நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் ஏறத்தாழ 18 சதவீதம் கூடும் என்று 2015இல் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் சொன்னது. புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றை அது முதலாம் பிரிவில் வைக்கிறது; புகையிலை இருக்கும் அந்தப் பிரிவில்தான் இதுவும் இருக்கிறது. ஆனால் பிரிவு காட்டுவது சான்றின் உறுதியை, ஆபத்தின் அளவை அல்ல. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அதற்காகத் தினமும் பாணுக்குள் சொசேஜஸ் வைத்துப் பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்க வேண்டியதில்லை.

[காட்சி: கையில் கச்சான், ஒரு பருப்பு கறுத்துச் சுருங்கியிருக்கிறது]

இதைக் கிட்டப் பாருங்கள். கொழும்பின் ஈரக் காற்றில் கச்சானிலும் செத்தல் மிளகாயிலும் சட்டென்று பூஞ்சணம் பிடிக்கும். அதில் ஒரு வகை அஃப்லாடொக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. அது ஈரல் புற்றுநோய்க்குக் காரணம், ஹெபடைடிஸ் பி இருப்பவருக்கு ஆபத்து பல மடங்கு. வறுத்தாலும் அவித்தாலும் முழுக்க அழியாது. பூஞ்சணத்தைத் துடைத்துவிட்டு வெயிலில் காயவைப்பதும் பயன்படாது, நஞ்சு உள்ளேயே நிற்கும். பையில் பூஞ்சணம் கண்டால் பையோடு எறியுங்கள். வாயில் கசந்தால் துப்புங்கள். கொஞ்சமாக வாங்கி, ஈரம் படாத, இறுக்கமான போத்தலில் வையுங்கள்.

[காட்சி: வெற்றிலைக் கூறு]

சாப்பிட்டு முடித்ததும் இது. "புகையிலை சேர்க்காவிட்டால் பரவாயில்லை" என்பார்கள். பாக்கே தனியாகப் புற்றுநோய் உண்டாக்கும். இலங்கை ஆண்களிடம் முன்னிற்பது வாய்ப்புற்றுநோய். பாக்குப் போடுபவர் கண்ணாடி முன் வாயைத் திறந்து, மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பற்களுக்கிடையே செங்குத்தாக நுழைத்துப் பார்க்கட்டும். நுழையாவிட்டாலோ, உறைப்புப் பட்டதும் வாய் எரிந்தாலோ, வெள்ளைப் படையோ புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தாலோ, அந்த வாரமே பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.