தோல் குளிர்ந்த டிரம்

வானொலி நேயர்களுக்கு என் பணிவான வணக்கம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம் என்பது நம் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். தெரிந்திருந்தும், பள்ளிகளுக்கிடையிலான பேண்டுப் போட்டியை நவம்பரில்தான் வைத்துக்கொள்கிறோம். குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன், ஜூலையில் பாளையங்கோட்டையில் காற்றுதான் வீசும், மைதானமும் காய்ந்து கிடக்கும். ஆனால் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அப்போது கால் மாற்றி நடக்கவே பழகியிருக்க மாட்டார்கள். ஆகவே மழையோடு சேர்த்துத்தான் போட்டியை நடத்தியாக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டித் தாமிரபரணி கரை மீறி ஓடியதே, அத்தகைய மழையைச் சொல்லவில்லை. அன்று வீட்டில் இருப்பதே முறை. நான் சொல்வது, விட்டு விட்டுப் பெய்து நம்மை ஏமாற்றும் மழையை.

இப்போட்டிகளில் தொண்டராக நின்று பழகியவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன்: மழை நாளில் குடை பிடிப்பது எளிய வேலை, வாத்தியத்தின் தோலைக் காப்பதுதான் கடினமான வேலை. பிளாஸ்டிக் முகம் போட்ட டிரம்முக்கு ஈரத்தால் பெரிய கேடில்லை. பழைய பள்ளிகளின் அலமாரியிலிருந்து இறங்கி வரும் தோல் டிரம்முகளோ, மழைத்துளி நேரே படாவிட்டாலும், ஈரக்காற்றை உறிஞ்சியே தளர்ந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் இதை நன்றாக உணர்ந்தேன். மழை வலுத்தவுடன் குழுக்களையெல்லாம் சைக்கிள் நிறுத்தும் தகரக் கொட்டகைக்குள் கொண்டுபோய் நிறுத்தியவன் நான்தான். அது என் தவறு. தகரத்தின்மேல் மழை விழுந்த இரைச்சலில் புல்லாங்குழல் ஊதிய பிள்ளைகளுக்கே தங்கள் ஊதல் கேட்கவில்லை. வெள்ளைப் பாலிஷ் கரைந்து அவர்களுடைய கான்வாஸ் காலணிகளிலிருந்து பால்போல் வழிந்தோடியது. அடுத்து வாசிக்க வேண்டிய குழுவின் பெரிய டிரம்மைத் தட்டிப் பார்த்தால், ‘தொம்’ என்று அதிர வேண்டியது, நனைந்த தலையணையை அடித்ததுபோல் ‘பொத்’தென்றது. அதைச் சுமந்து நின்ற பையனின் கண் கலங்கிவிட்டது.

அங்கே, பேரனைக் கூட்டிக்கொண்டு வந்து, காலையிலிருந்து எங்களோடு தார்ப்பாய் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இருந்தார். கணியான் கூத்து என்னும் நாட்டார் கலையில் மகுடம் என்ற தோல் வாத்தியம் வாசித்தவர் அவர் என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. “சார்வாள், தோலு செத்துப் போவல, குளுந்து போச்சு, அவ்வளவுதான். அடுப்பு எங்க இருக்கு?” என்று கேட்டார். சத்துணவுக் கூடத்திற்கு டிரம்மைத் தூக்கிச் சென்றோம். அவர் முதலில் திருகுகளையெல்லாம் அரைச் சுற்றுத் தளர்த்தினார். காய்ந்து சுருங்கும் தோல், இறுக்கம் மிகுந்தால் கிழிந்துவிடும் அல்லவா? பிறகு தீயிலிருந்து இரண்டு சாண் தள்ளிப் பிடித்து, தோசை திருப்புவதுபோல் அல்ல, செக்கு சுற்றுவதுபோல் மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தார். இடையிடையே விளிம்பில் விரல் முட்டியால் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டார். உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடங்களையும் தீக்காய்ச்சிச் சுருதி கூட்டிய கையல்லவா அது! கால் மணி நேரத்தில் டிரம் பேசியது. தீக்காய்ச்சுவது பறைக்கும் மகுடத்துக்கும் உரியது, பேண்டு வாத்தியத்துக்கு ஆகாது என்று நினைப்பவர்களுக்காக மீண்டும் சொல்கிறேன்: தோல் எங்கே கட்டப்பட்டிருந்தாலும் தோல்தான்.

அதற்குள் மற்றத் தொண்டர்கள் போட்டியைக் காங்கிரீட் தாழ்வாரத்துக்கு மாற்றி, நடுவர்களின் நாற்காலிகளையும் நகர்த்தியிருந்தார்கள். அம்பாசமுத்திரம், நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்த குழுக்களை, இருட்டுவதற்குள் ஊர் திரும்பட்டும் என்று முன்வரிசைக்குக் கொண்டுவந்தார்கள். சீட்டுக் குலுக்கிய வரிசையை மாற்றலாமா என்று ஓர் ஆசிரியர் சண்டை பிடித்தார். அதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், ஆனால் கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிலைய நண்பர் விரலைக் காட்டுகிறார். இரண்டு செய்திகளை மட்டும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இடி கேட்டால் பிள்ளைகளைத் திறந்த மைதானத்திலிருந்து உடனே கட்டடத்துக்குள் அழைத்துக்கொள்ளுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வெளியே விடாதீர்கள். வீடு திரும்பியதும், மழையில் இறுக்கிய திருகுகளைச் சற்றுத் தளர்த்தி, டிரம்மை உறையில் மூடாமல், நிழலில் காற்றாட வையுங்கள். வணக்கம்.