பல்லைப் பாத்து வயசு சொன்ன காலம்

நேயர்களுக்கு வணக்கம். பிரிட்டன்ல ஏழைங்களுக்கும் குழந்தைங்களுக்கும் வந்த சட்டங்களைப் பத்திப் பேசச் சொன்னாங்க, 1601 ஏழைகள் சட்டத்துலேர்ந்து ஆரம்பிச்சா நீங்க ரேடியோவை ஆஃப் பண்ணிடுவீங்க, அதனால ஒரே விஷயம். வயசு.

1833ல ஃபேக்டரி சட்டம் வந்துது. துணி மில்லுல 9 வயசுக்குக் கீழ யாரையும் வேலைக்கு வைக்கக்கூடாது, அதுக்கு மேல 13 வரைக்கும் நாளைக்கு அதிகபட்சம் 9 மணி நேரம்தான். பட்டு மில்லுக்கு மட்டும் வயசுல விலக்கு, முதலாளிங்க கேட்டு வாங்கிட்டாங்க. இதையெல்லாம் கண்காணிக்க நாடு முழுக்க நாலே நாலு இன்ஸ்பெக்டர்!

சரி, எதிர்ல நிக்கற பொண்ணுக்கு எட்டா ஒன்பதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அரசாங்கத்துல பிறப்புப் பதிவுன்னு ஒண்ணே அப்ப கிடையாது, சர்ச்சுல ஞானஸ்நானக் கணக்கு இருக்கும், அதுவும் எல்லாக் குழந்தைக்கும் இருக்காது. பெத்தவங்களைக் கேட்டா அந்தக் கூலி வந்தாதான் வீட்ல அடுப்பு எரியும், ரெண்டு வயசு கூட்டித்தான் சொல்வாங்க, அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல. அதனால டாக்டர் ஆளைப் பாத்து, உடம்பும் பலமும் ஒன்பது வயசுக்குத் தக்கபடி இருக்குன்னு சர்டிஃபிகேட் குடுக்கணும். உயரத்தை வச்சும் பாத்தாங்க, ஆனா அரைவயித்துக் கஞ்சி குடிக்கிற புள்ளைக்கு உயரம் என்னத்தைச் சொல்லும்? 1837ல எட்வின் சாண்டர்ஸ்னு ஒரு பல் டாக்டர் ஆயிரம் குழந்தைங்களுக்கு மேல வாயைத் தொறந்து பாத்து, உயரத்தை விட பல்லுதான் சரியா வயசு சொல்லும்னு எழுதினார். மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பாப்பாங்களே, அதேதான்.

அதே வருஷம் ஜூலை 1லேர்ந்து இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் பிறப்புப் பதிவு ஆரம்பிச்சுது. ஆனா போய்ப் பதிய வேண்டியது பெத்தவங்க பொறுப்பு, பதியலன்னா அபராதம்னு ஆனது 1875லதான். நடுவுல 1842ல சுரங்கச் சட்டம், பொம்பளைங்களும் 10 வயசுக்குக் கீழ பசங்களும் பூமிக்கடியில எறங்கக்கூடாதுன்னு.

இன்னொரு பக்கம் வொர்க்ஹவுஸ், அதாவது ஏழைங்களைத் தங்க வச்சு, வேலை வாங்கிச் சோறு போட்ட விடுதி. 1834ல வந்த புது ஏழைகள் சட்டத்துக்கு அப்புறம் கதியில்லாத குடும்பம் அங்கதான் போகணும், வாசல் தாண்டினதும் அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், புள்ளைங்க வேற பக்கம். சார்லி சாப்ளின் 1896ல, ஏழு வயசுல, அம்மாவோடயும் அண்ணனோடயும் லண்டன் லாம்பெத் வொர்க்ஹவுஸுக்குள்ள போனவர்தான்.

அங்கயே பொறந்த குழந்தைங்க பாடு இன்னும் மோசம், பொறந்த எடம் வொர்க்ஹவுஸ்னு சர்டிஃபிகேட்லயே ஏறிடும், வேலை கேட்டு எங்க நீட்டினாலும் அதுதான் மொதல்ல கண்ணுல படும். 1904ல தலைமைப் பதிவாளர் அந்த வார்த்தையைப் போடாம வெறும் தெரு விலாசம் எழுதலாம்னு சொன்னார். லிவர்பூல் வொர்க்ஹவுஸ்ல பொறந்தவங்களுக்கு "144ஏ, பிரவுன்லோ ஹில்"னு எழுதினாங்க. அந்தத் தெருவுல அப்படி ஒரு கதவு நம்பரே கிடையாது.