புதிய பேண்ட்சாவைச் சரியாக அமைப்பது எப்படி: வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மரவேலை செய்பவர்களுக்காக

வணக்கம். பேண்ட்சா, அதாவது வளையமான பிளேடு இரண்டு வீல்களில் சுற்றி ஓடி மரத்தை அறுக்கும் இயந்திரம், வீட்டுக்கு வந்துவிட்டது, பெட்டியைப் பிரித்து ஸ்டாண்டையும் மேசையையும் பூட்டியாயிற்று. உடனே சுவிட்சைப் போட்டு ஒரு பலகையை அறுத்துப் பார்க்கத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலும் பிளேடை மாட்டித்தான் அனுப்புகிறார்கள், ஆனால் கப்பலிலும் லாரியிலும் குலுங்கி வந்த இயந்திரத்தில் எதுவும் இருந்த இடத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது. இந்த வீடியோவில் நான் அழுத்திச் சொல்லப்போவது வரிசையைத்தான். முதலில் பிளேடு, பிறகு டென்ஷன் (பிளேடின் இறுக்கம்), பிறகு டிராக்கிங் (பிளேடு வீலின் மேல் விலகாமல் ஓடுவது), அப்புறம் கைட் (பிளேடை இருபக்கமும் விலகாமல் தாங்குவது), கடைசியில்தான் மேசையும் ஃபென்ஸும் (மரத்தை ஒட்டித் தள்ள உதவும் நேர்த்தடுப்பு). இதை மாற்றிச் செய்தால், முன்னால் சரிசெய்தது பின்னால் கலைந்துகொண்டே இருக்கும்.

அதற்கு முன் மின்சாரம். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மலிவாகக் கிடைக்கிறது என்று 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் அமெரிக்க இயந்திரத்தை இணையத்தில் வாங்கினால், டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. சாதாரண இண்டக்ஷன் மோட்டார் என்றால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், சூடும் கூடும். நான் வாங்க மாட்டேன்.

[காட்சி: அறையின் மூலை, ஜன்னல், இயந்திரத்தின் அடியில் ரப்பர் விரிப்பு]

எங்கே வைப்பது? வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டரில் நிறுத்தி வைக்கலாம், உள்ளேயே அறுக்க வேண்டாம், காற்றோட்டம் போதாது. மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இலேயே வகைப்படுத்திவிட்டது, அதனால் வேக்குவமும் முகக்கவசமும் கண்டிப்பாக வேண்டும். தாழ்வாரம் கூடவே கூடாது, அது தீ விபத்தில் எல்லோரும் தப்பிக்கும் வழி. அடியில் கனமான ரப்பர் விரிப்பு போடுங்கள், கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சரி, பிளக்கைப் பிடுங்குங்கள். நான் செருகச் சொல்லும் இடங்களைத் தவிர, இனிச் சொல்லும் எல்லாமே பிளக் வெளியே இருக்கும்போது செய்யும் வேலை.

மேசைக்கு மேலும் கீழும் உள்ள கைட்களையும், பிளேடின் முதுகைத் தாங்கும் பேரிங்குகளையும் நன்றாகப் பின்னால் தள்ளிவிடுங்கள். பிளேடை எதுவும் தொடக் கூடாது. புதிய பிளேடு சுருளாக வரும், கட்டை அவிழ்த்ததும் துள்ளி விரியும், அதனால் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள் (இயந்திரம் ஓடும்போது கையுறை கூடாது). மாட்டியதும் மேசை மட்டத்தில் பற்கள் உங்களைப் பார்த்து, கீழ்நோக்கி இருக்க வேண்டும். எப்படித் திருப்பினாலும் மேல்நோக்கியே இருந்தால் பிளேடு உள்வெளியாகப் புரண்டிருக்கிறது, இரண்டு கையாலும் முறுக்கிப் புரட்டிவிடுங்கள்.

[காட்சி: பிளேடின் ஒட்டு, மிக அருகில்]

பிளேடின் இரண்டு முனையும் சேரும் இந்த ஒட்டைக் கவனமாகப் பாருங்கள். இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி 1808இலேயே பேண்ட்சாவுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார், ஆனால் வளைந்து வளைந்து ஓடும் பிளேடில் ஒட்டு தாங்கவில்லை. பிரான்சில் ஆன் போலின் கிரெபின் 1846இல் தாங்கும் ஒட்டுக்கு வழி கண்ட பிறகுதான் இந்த இயந்திரம் பிழைப்புக்கு உதவும் கருவியானது. இன்றும் பலவீனமான இடம் அதுதான். ஒட்டின் பின்விளிம்பு மேடாக இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக்' என்று தட்டும். அந்தப் பிளேடைக் கடையில் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

டென்ஷன். இயந்திரத்தில் உள்ள அளவுகோல் ஓர் ஆரம்பக் குறிப்பு, அவ்வளவுதான். கைடை மேசையிலிருந்து 150 மில்லிமீட்டர் உயர்த்தி, பிளேடின் நடுவில் பக்கவாட்டில் விரலால் அழுத்துங்கள். சுமாரான அழுத்தத்துக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் வளைந்தால் தொடங்குவதற்குப் போதும்.

டிராக்கிங்கில்தான் பொறுமை வேண்டும். மேல் வீலைக் கையால் சுற்றிக்கொண்டே, பின்னால் உள்ள திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். டயர் நடுவில் சற்று மேடாக இருக்கும் வீல்களில் பிளேடு அந்த மேட்டின் மேல் நிலையாக ஓட வேண்டும். கையால் பல சுற்று சுற்றியும் நகரவில்லை என்றால் மூடியை மூடி, பிளக்கைச் செருகி ஒரு நொடி ஓடவிட்டு நிறுத்துங்கள். டென்ஷனை மாற்றினால் டிராக்கிங்கும் மாறும், வரிசை முக்கியம் என்று சொன்னது இதனால்தான்.

மறுபடி பிளக் வெளியே. இப்போது கைட்கள். கைடின் முன்விளிம்பு, பற்களுக்கு இடையிலுள்ள பள்ளத்துக்குச் சற்றுப் பின்னால் நிற்க வேண்டும், பல் கைடில் பட்டால் முனை போய்விடும். இடைவெளிக்கு ஒரு 2 வெள்ளி நோட்டு போதும், இருபக்கமும் நோட்டு சிக்காமல் நழுவ வேண்டும். முதுகு பேரிங்கும் சும்மா ஓடும்போது பிளேடைத் தொடக் கூடாது, மரத்தைத் தள்ளும்போதுதான் சுழல வேண்டும். கீழ்க் கைடைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அதுவும் இதே அளவுக்கு முக்கியம்.

மேசைக்கு மூலைமட்டம் வைத்தால் ஓரளவு தெரியும். அதைவிட நம்பகமான சோதனை: பிளக்கைச் செருகி, தடித்த கட்டையில் ஓர் அங்குலம் அறுத்து, இயந்திரத்தை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்குங்கள். கட்டையை மேசைமேல் அரைச்சுற்று திருப்பி, பிளேடுக்குப் பின்னாலிருந்து கொண்டுவாருங்கள். அறுத்த வெட்டுக்குள் பிளேடின் முதுகு வழுக்கிப் போனால் செங்குத்து. இடித்தால் தெரியும் கோணல் உண்மையான கோணலின் இரண்டு மடங்கு, அதில் பாதியைத் திருத்தினால் போதும்.

[காட்சி: பென்சில் கோடு போட்ட பலகை]

வெட்டு ஒரு பக்கமாக இழுத்துப் போனால் உடனே ஃபென்ஸைச் சாய்க்கச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் பிளேடு மழுங்கியிருக்கிறதா, டென்ஷன் போதுமா, மரத்தை அவசரமாகத் தள்ளுகிறோமா என்று பாருங்கள். செங்கால் என்ற கடினமரத்தின் தடித்த கட்டையை நெடுக்காகப் பிளக்க, நுண்ணிய பல் உள்ள கால் அங்குல பிளேடைப் போட்டுவிட்டு ஃபென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்கு அங்குலத்துக்கு 3 பல் உள்ள அரை அங்குல பிளேடு வேண்டும். கால் அங்குல பிளேடு வளைவு வெட்டத்தான், சுமார் 16 மில்லிமீட்டர் ஆரம் வரை திரும்பும். இதையெல்லாம் பார்த்த பிறகும் ஒரே அளவில் இழுத்தால் ஃபென்ஸைத் தொடுங்கள்.

அறுக்கும்போது மேல் கைடை மரத்துக்கு மேல் 6 மில்லிமீட்டர் அளவுக்கு இறக்கிவையுங்கள், வெளியே தெரியும் பிளேடு குறையும், விரலுக்கும் பாதுகாப்பு. நம் ஊர் ஈரக் காற்றில் வார்ப்பிரும்பு மேசை சீக்கிரம் துருப்பிடிக்கும், பேஸ்ட் மெழுகு தடவித் துடையுங்கள். சில நாள் தொடப்போவதில்லை என்றால் டென்ஷனைத் தளர்த்திவிட்டு, 'டென்ஷன் இல்லை' என்று எழுதிய சீட்டைச் சுவிட்சின் மேல் ஒட்டுங்கள். வீட்டில் வேறு யாராவது தெரியாமல் ஓட்டிவிடக் கூடாது.