வெறும் நூலில் பறக்கட்டும் பட்டம்

நூலக விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, பள்ளி வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, பந்தல் முதல் ஒலிபெருக்கி வரை தந்துதவிய வணிகர் சங்கப் பெரியவர்களே, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘உலகெங்கும் பட்டம்’ என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். பட்டத்தின் வரலாறு, திருவிழா, அறிவியல் மூன்றையும் சொல்லத்தான் வந்தேன். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். தை மாதக் காற்று வருவதற்குள் பேசியாக வேண்டும்.

குவாத்தமாலா நாட்டில் சும்பாங்கோ என்ற ஊர். நவம்பர் 1ஆம் தேதி அங்கே கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய திடலில் பட்டம் விடுகிறார்கள். இறந்தவர்களுக்கு அனுப்பும் தூது அது. மூங்கிலும் வண்ணத்தாளும் கொண்டு செய்யும் அந்தப் பெரும் பட்டக் கலையை 2024இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இலங்கையில், நம் வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று கடற்கரை நிறைந்துவிடும். விண் என்னும் அதிரும் நாடா பூட்டிய பட்டம் ஏறினால் அந்தக் கூவல் எவ்வளவு அழகு!

நயாகரா கதையைச் சொல்லியே ஆகவேண்டும். 1848 ஜனவரி. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே ஆழமான பள்ளத்தாக்கு, அகலம் சுமார் 240 மீட்டர். அடியில் சீறும் வெள்ளம். தொங்குபாலம் கட்ட வந்த பொறியாளர் சார்லஸ் எல்லெட், பட்டம் விட்டு நூலை எதிர்க்கரை சேர்ப்பவருக்குப் பரிசு என்று அறிவித்தார். ஹோமன் வால்ஷ் என்று ஒரு பையன், பதின்ம வயது. கனடாப் பக்கக் காற்றுதான் தோது என்று கணக்குப் போட்டு, படகேறி அக்கரை போனான். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பட்டம் எழுந்தது, ஆற்றைக் கடந்தது. ஆனால் பனிக்கட்டியில் உரசி நூல் அறுந்துபோயிற்று. பனி அடைத்ததால் படகும் நின்றது. எட்டு நாள் அங்கேயே கிடந்தான். அப்புறம் வீடு திரும்பி, பட்டத்தைச் செப்பனிட்டு, மறுபடியும் அக்கரை போய்ப் பறக்கவிட்டான். நூல் கரை சேர்ந்தது! அதில் கட்டித் தடித்த நூல், பிறகு கயிறு, பிறகு கம்பிவடம் என இழுத்துத்தான் அந்தப் பாலமே எழுந்தது.

இரண்டு நாட்டைச் சேர்த்த நூல் அது. நம் தெருவில் பறக்கும் நூலுக்குக் கண்ணாடித்தூளும் பசையும் பூசி மாஞ்சா போடுகிறோம். அறுந்து சாலையின் குறுக்கே கிடக்கும் மாஞ்சா, வண்டியில் வருபவர் கழுத்தை அறுக்கிறது. வண்டியின் முன்னால் உட்கார்ந்த குழந்தையையும் அது விடுவதில்லை. நைலான் மாஞ்சாவைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுக்கத் தடை செய்தது. இன்னும் விற்கிறார்கள் என்றால், நாம் வாங்குகிறோம். அடுத்தவர் நூலை அறுக்கும் டீல் போடாமல் என்ன காத்தாடி என்று கேட்கும் தம்பிகளே, அந்த வெற்றி ஒரு குழந்தையின் கழுத்தைவிடப் பெரியதா?

அறிவியலை இன்னொரு நாள் பேசுவோம். காணும் பொங்கலன்று மைதானத்தில் வெறும் பருத்தி நூலில் பட்டம் விடும் விழாவை இந்த நூலகம் நடத்த வேண்டும், நூலை வணிகர் சங்கம் தர வேண்டும். இதுதான் என் கோரிக்கை. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும் ஐயா, தள்ளிப்போடாதீர்கள். வாசல் மேசையில் மனு இருக்கிறது. பெரியவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.