பின்பக்கமாகப் படியிறங்கிய மனிதர்

நடுவர் அவர்களுக்கும் இரு அணி நண்பர்களுக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே வந்துவிடுகிறேன்.

"இதயத்தைக் காக்க முதலில் குறைக்க வேண்டியது கொழுப்பையா, மாவுச்சத்தையா?" இதுதான் தலைப்பு. மாவுச்சத்தைத்தான் என்பது எங்கள் அணி. ரொட்டி, கிழங்கு மட்டுமல்ல, சர்க்கரையும் அந்தக் கணக்கில்தான் வரும்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். "மாவுச்சத்தை விடு, கறியும் வெண்ணெயும் தின்னு என்று ஊருக்கெல்லாம் சொன்னாரே அமெரிக்க மருத்துவர் அட்கின்ஸ், அவர் என்ன ஆனார்? இதயம் நின்று போய்ச் சேர்ந்தார். வைத்தியர் கதையே இப்படி என்றால் நோயாளி கதி என்ன?" என்று கேட்டார். அரங்கமே அதிர்ந்தது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றே கைதட்டினார், பார்த்தேன். ஆகவே நான் எழுதிக் கொண்டுவந்த தாள்களை ஓரமாக வைத்துவிடுகிறேன். அண்ணனுக்குப் பதில் சொல்லாமல் நான் நகரப் போவதில்லை.

2003 ஏப்ரல் மாதம். நியூயார்க் நகரம். பனி உறைந்து கிடந்த நடைபாதையில் அட்கின்ஸ் நடந்து போகிறார். கால் வழுக்குகிறது. தலை அடிபடுகிறது. அறுவை சிகிச்சை செய்தும் சில நாள்களில் இறந்துபோகிறார். வயது 72. அண்ணே, வழுக்குகிற பனி "காலையில் சாப்பிட்டது ரொட்டியா, முட்டையா?" என்று கேட்டுவிட்டு வழுக்குவதில்லை! அதற்கு முந்தின ஆண்டு அவருக்கு இதயம் ஒருமுறை நின்று மீண்டது உண்மை. அதை நான் மறைக்க மாட்டேன். தொற்றினால் இதயத் தசை பலவீனமானதே காரணம், சாப்பாடு அல்ல என்று அவர் தரப்பு மருத்துவர்கள் சொன்னார்கள். அதை ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் அவர் உயிரை எடுத்தது தலையில் பட்ட அடி.

அண்ணன் அதோடும் விடவில்லை. கொழுப்பைக் குறைக்கச் சொன்ன ஆராய்ச்சியாளர் ஆன்செல் கீஸ் 100 வயது வாழ்ந்தார் என்றார். ஆமாம், வாழ்ந்தார். 1904இல் பிறந்து 2004இல் மறைந்தார். சந்தோஷம். ஆனால் ஒருவர் செத்த விதத்தையும் இன்னொருவர் வாழ்ந்த வயதையும் வைத்துத் தீர்ப்பு எழுதலாம் என்றால், என்னிடமும் ஒருவர் இருக்கிறார். கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

லண்டனில் வில்லியம் பேன்டிங் என்று ஒருவர் இருந்தார். தொழில், இறுதிச் சடங்கு ஏற்பாடு. சாதாரண ஆள் இல்லை, அரச குடும்பத்துக்கே சவப்பெட்டி செய்து கொடுத்த குடும்பம். ஆக, பிறரைக் குழிக்கு அனுப்புவதில் கைதேர்ந்தவர். 1862இல் அவருக்கு 65 வயது. ஆள் குள்ளம், எடை 202 பவுண்டு. நம் கணக்கில் 91 கிலோவுக்கு மேல். குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட முடியாது. மாடியிலிருந்து இறங்க வேண்டுமா? நேராக இறங்கினால் முழங்காலும் கணுக்காலும் தாங்காது. என்ன செய்தார் தெரியுமா? பின்பக்கமாக இறங்கினார்! ஒவ்வொரு படியாக, மெதுவாக, முதுகைக் காட்டிக்கொண்டு. கீழே நின்று யாராவது வணக்கம் சொன்னால் முதுகுக்குத்தான் சொல்ல வேண்டும்.

மனிதர் சும்மா இருக்கவில்லை. எடை குறையப் படகு வலிக்கச் சொன்னார்கள். விடியற்காலையில் எழுந்து கனமான படகில் போய்த் துடுப்புப் போட்டார். கைக்குப் பலம் வந்தது. கூடவே பசியும் வந்தது! அப்படி ஒரு பசி. சாப்பிட்டார், எடை ஏறியது. கடைசியில் படகு வலிக்கச் சொன்னவரே "ஐயா, போதும், விட்டுவிடுங்கள்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. இந்த இடத்தை இன்னொரு தரம் சொல்கிறேன், ஏனென்றால் இந்த அரங்கத்தில் பாதிப் பேருக்கு இது சொந்தக் கதை. காலையில் ஓடுகிறோம். வியர்க்கிறது. "இவ்வளவு ஓடியிருக்கிறோமே" என்று உட்கார்ந்து இரண்டு பங்கு சாப்பிடுகிறோம். ஓடியது அரை மணி நேரம், சாப்பிட்டது ஒரு மணி நேரம். பேன்டிங் படகில் செய்ததைத்தான் நாம் தரையில் செய்கிறோம்.

அப்புறம் அவருக்குக் காது மந்தமானது. காது மருத்துவர் வில்லியம் ஹார்வியிடம் போனார். மருத்துவர் காதைப் பார்த்தார், ஆளையும் பார்த்தார். "உங்கள் காதில் கோளாறு இல்லை, உடம்பில் சேர்ந்த கொழுப்புதான் காதை அழுத்துகிறது" என்றார். பாரிசில் கிளாட் பெர்னார்ட் என்ற அறிஞர் கல்லீரலும் சர்க்கரையும் பற்றிப் பேசியதை ஹார்வி கேட்டுவிட்டு வந்திருந்தார். அந்த யோசனையில் ஒரு பட்டியல் கொடுத்தார். ரொட்டி வேண்டாம், சர்க்கரை வேண்டாம், உருளைக்கிழங்கு வேண்டாம், பீர் வேண்டாம். ஓராண்டு போனது. 46 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 21 கிலோ இறங்கிவிட்டது. காதும் கேட்டது. அதே படியில் மனிதர் முன்பக்கமாக இறங்கி வந்தார், முகத்தைக் காட்டிக்கொண்டு! 1863இல் அதைச் சிறு புத்தகமாகவே போட்டார். அவர் பெயரே வினைச்சொல் ஆகிவிட்டது. சுவீடன் மொழியில் இன்றைக்கும் உணவைக் கட்டுப்படுத்தி இளைப்பதற்கு 'பாந்தா' என்றுதான் சொல். ஊரையெல்லாம் அடக்கம் செய்த மனிதர் 81 வயது வரை வாழ்ந்தார். அண்ணே, உங்கள் கணக்குப்படி நாங்கள் ஜெயித்துவிட்டோம் அல்லவா?

ஆனால் அந்தக் கணக்கில் எனக்கு ஜெயிக்க வேண்டாம். ஏனென்றால் ஹார்வி கொடுத்த பட்டியலை நான் முழுதாகச் சொல்லவில்லை. ரொட்டி, சர்க்கரை, கிழங்கு, பீர், இவற்றோடு வெண்ணெயும் பாலும் அதில் இருந்தன. மாவுச்சத்துக் குறைப்பின் தாத்தாவே வெண்ணெயைத் தொடவில்லை! மாவுச்சத்தை விட்டால் வெண்ணெயை அள்ளித் தின்னலாம் என்பது எங்கள் அணி வாதம் இல்லை. எடுத்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதில்தான் இதயம் இருக்கிறது. அமெரிக்காவில் 82,802 செவிலியரை 20 ஆண்டு தொடர்ந்து கவனித்து 2006இல் ஒரு ஆய்வு வந்தது. மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து கூடவில்லை. அந்த இடத்தில் பருப்பு, கொட்டை, தாவர எண்ணெய் என்று வைத்தவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது.

அதே 2006இல்தான் கொழுப்பைக் குறைக்கும் பரிசோதனையின் முடிவும் வந்தது. 48,835 பெண்கள், எட்டு ஆண்டுகள். எவ்வளவு உழைப்பு! மாரடைப்பும் பக்கவாதமும் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. எதிரணி இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

எதிரணிச் சகோதரி இரண்டு குறை சொன்னார். 2023இல் அமெரிக்க இதயச் சங்கம் உணவுமுறைகளுக்கு மதிப்பெண் போட்டதில், மாவுச்சத்தை மிகமிகக் குறைக்கும் முறைக்கு 100க்கு 31தான் என்றார். சரி. மாவுச்சத்தை அடியோடு துடைத்தெறியும் முறைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதில் சிலருக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் எக்கச்சக்கமாக ஏறுகிறது, அது ஆபத்துதான். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டை மாற்றவே கூடாது.

இரண்டாவது, 2018இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை வைத்து ஓராண்டு பார்த்ததில், கொழுப்பைக் குறைத்த குழுவுக்கும் மாவுச்சத்தைக் குறைத்த குழுவுக்கும் எடை குறைந்தது ஏறக்குறைய ஒரே அளவுதான் என்றார். சகோதரி அதில் ஒரு வரியை விட்டுவிட்டார். இரண்டு குழுவுக்குமே சொன்ன அறிவுரை, சேர்த்த சர்க்கரையையும் தீட்டிய மாவையும் விடுங்கள் என்பது. கொழுப்பைக் குறைத்த குழுவும் எங்கள் வேலையைச் செய்துவிட்டுத்தான் தன் வேலையைத் தொடங்கியது!

மிதமிஞ்சிய சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. ரத்தப் பரிசோதனைத் தாளில் டிரைகிளிசரைடு என்று இருக்குமே, அதுதான். இது தெரிய வேண்டிய நேரத்தில் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியவில்லை. 1967இல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் சர்க்கரை மீதிருந்த சந்தேகத்தைச் சிறிதாக்கி, பழியைக் கொழுப்பின் மேல் போட்டு எழுதினார்கள். அதற்குச் சர்க்கரை ஆலைக்காரர்களின் அமைப்பு பணம் கொடுத்திருந்தது. பழைய கடிதங்களிலிருந்து இது வெளியே வந்தது 2016இல்தான். இடையில் 49 ஆண்டுகள்.

நடுவர் அவர்களே, அந்த 49 ஆண்டுகளுக்கு நடுவில்தான் என் அப்பா இருந்தார்.

ஒருவரை வைத்துப் பேசக் கூடாது என்று இப்போதுதான் சொன்னேன். இதை வாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்பாவுக்கு முதல் மாரடைப்பு வந்தபோது எனக்கு 14 வயது. "கொழுப்பை விட்டுவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பா விட்டார். அப்படி விட்டவரை நான் பார்த்ததில்லை. முட்டையை உரித்து மஞ்சள் கருவை எடுத்து என் தட்டில் வைத்துவிடுவார். அவருக்கு மிகவும் பிடித்தது அதுதான் என்பதை அம்மா சொல்லித்தான் பின்னால் தெரிந்துகொண்டேன். சாயங்காலம் இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட தேநீர், நான்கு பிஸ்கட். பாக்கெட்டில் பெரிய எழுத்தில் 'கொழுப்பு இல்லாதது' என்று இருக்கும். அதைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் பிரிப்பார். ராத்திரி பசித்தால் இன்னும் நான்கு. மூன்றாம் ஆண்டில் நீரிழிவு வந்தது. எட்டாம் ஆண்டில் இரண்டாவது மாரடைப்பு. அதோடு முடிந்தது.

அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, கட்டம் கட்டமாக. தேதி. எடை. நடந்த தூரம். சமையலில் விட்ட எண்ணெய் எத்தனை கரண்டி. எட்டு ஆண்டுகள், ஒரு நாள் விடாமல். உறவினர் கல்யாணத்துக்குப் போன நாளில்கூட, அங்கே சாப்பாட்டில் எண்ணெய் எவ்வளவு இருக்கும் என்று உத்தேசமாகப் போட்டு, பக்கத்தில் 'உத்தேசம்' என்று எழுதியிருக்கிறார்.

போன மாதம் அதை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். சர்க்கரைக்குக் கட்டம் இல்லை. அப்படி ஒரு கட்டம் போடச் சொல்லி அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் எழுதியிருப்பார்.