வான்படத்தில் வட்டம், காட்டில் சிட்டக்கல்

அவையோருக்கு வணக்கம்.

கொடுமணலைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் ஆற்றின் வடகரையில் உள்ள அந்தப் பழைய ஊரில், 1985 முதல் நடந்த அகழாய்வுகளில், இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. உலை கிடைத்துவிட்டது, அதற்கான தாதுவை எங்கே தோண்டினார்கள்? அந்தக் குழிகளை வான்படங்களில் தேடலாமா என்பதுதான் இன்றைய பேச்சு.

இங்கிலாந்தின் தென்கிழக்கில் வீல்டு என்ற பகுதியில் இத்தகைய குழிகள் ஏராளம். களிமண்ணில் குழி இறக்கித் தாது அடுக்கை வெட்டி எடுப்பார்கள். அடுத்த குழியைப் பக்கத்திலேயே தோண்டி, அந்த மண்ணைப் பழைய குழியில் தள்ளுவார்கள். அதனால் குழிகள் ஒற்றையாக இரா, கூட்டமாகத்தான் இருக்கும். பல இடங்களில் நடுவில் பள்ளமும் சுற்றிலும் மண்வளையமும் மிஞ்சியிருக்கும். உழவில் வளையம் கரைந்தாலும் பயிர் காட்டிக்கொடுத்துவிடும். தூர்ந்த குழியில் மண் ஆழம் அதிகம், ஈரம் தங்கும். சுற்றுப்பயிர் வாடும்போது அந்த வட்டம் மட்டும் பச்சையாக நிற்கும்.

நம் மேட்டாங்காட்டு, அதாவது மானாவாரி நிலத்துச் சோளத்துக்கும் இதே கணக்குதான். ஆனால் போன ஆண்டு ஆட்டுப்பட்டி போட்ட இடமும் அதே போலப் பச்சை பிடிக்குமே! படத்தை மட்டும் பார்த்துவிட்டு 'பழங்காலச் சுரங்கம்' என்று எழுதுகிறவர்கள், அந்தக் காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் நல்லது. மூடிய கிணறு, சுண்ணாம்புக் காளவாய், மணிக்கல் தேடி வெட்டிய குழி என்று ஏமாற்றும் வட்டங்கள் காங்கேயம் வட்டாரத்தில் குறைவில்லை.

எனக்கு நம்பிக்கை கொறங்காட்டின் மேல்தான். கிளுவை வேலிக்குள் மாடு மேயும் அந்த நிலத்தில் ஏர் அதிகம் பட்டிருக்காது. மேடுபள்ளம் பிழைத்திருக்க வாய்ப்புண்டு. அதைப் பார்க்கச் சாய்வெயில் வேண்டும். செயற்கைக்கோள்களில் பல முற்பகல் பத்து, பத்தரை மணியளவில் கடக்கின்றன. அதற்குள் நிழல் குறுகிவிடும். அனுமதி வாங்கி விடியலில் டிரோன் பறக்கவிட்டால், முழங்கால் உயர மேடுகூட நீள நிழல் காட்டும். 1995-இல் ரகசியம் நீக்கப்பட்ட அமெரிக்காவின் 'கொரோனா' உளவுச் செயற்கைக்கோள் படங்களும் உதவும். 1960 முதல் 1972 வரை எடுத்தவை. இன்று சமன்செய்த பல காடுகளின் பழைய முகம் அவற்றில் இருக்கிறது. சிறு குழி மட்டும் அவற்றில் தெளியாது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. நம் நாட்டில் இரும்புக்குக் குழி வெட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. மழைநீர் அரித்துக்கொண்டுவரும் காந்தத் தாதுக் கருமணலை அலசி எடுத்தே உலையிட்டிருக்கிறார்கள். 1800-இல் கோயம்புத்தூர்ச் சீமை வழியாகப் போன கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் அந்தத் தொழிலைப் பதிவு செய்திருக்கிறார். கரட்டடியில் உதிர்ந்து கிடக்கும் தாதுக்கல்லைப் பொறுக்குவதற்கும் குழி வேண்டாம். ஆகவே படத்தில் குழி இல்லை என்பதால் இரும்புத்தொழிலே இல்லை என்று தள்ளிவிட முடியாது.

முடிவு சொல்வது சிட்டக்கல், அதாவது இரும்பு உருக்கும்போது உலையில் கழிவாக வந்து உறைந்த கல். கையில் எடுத்தால் கனக்கும். மேற்புறம் பாகு வழிந்து உறைந்தது போல வரிவரியாக இருக்கும். உடைந்த முகத்தில் காற்றுக் குமிழிகளின் துளைகள். அருகில் ஊதுகுழாயின் சுடுமண் துண்டும் கிடந்தால், அங்கே உலை எரிந்தது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். உங்கள் காட்டில் கண்டால் வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, சர்வே எண்ணைக் குறித்து, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். சிட்டத்துக்குள் சிக்கிய கரித்துண்டை வைத்துக் காலம் கணிக்கலாம்; எந்த இடத்தில் கிடந்தது என்பது தெரியாவிட்டால் அந்தக் கணிப்பை எந்த உலையோடும் பொருத்த முடியாது.