சட்டையைப் பற்றிப் பேசாதீங்க அண்ணாச்சி!

நடுவர் அய்யா அவர்களே, எதிரணி அண்ணாச்சிமாரே, நாகர்கோவில் பெரியோரே, வணக்கம்.

காலனி நாடுகளில் வேதம் மாறி கிறிஸ்தவர் ஆனவர்கள் அடையாளத்தைத் தொலைத்தார்களா, காப்பாற்றினார்களா? காப்பாற்றினார்கள் என்பது எங்கள் அணி. எதிரணி அண்ணாச்சி, அமெரிக்காவில் தொடங்கின மார்மன் சபையாரை இழுத்து, "வெள்ளைக்காரன் போயிட்டான், அவன் சட்டையும் டையும் இவங்க கழுத்துல தொங்குது" என்று கைதட்டல் வாங்கிவிட்டார். வாங்கட்டும்.

முதலில் ஒரு காப்பிக் கதை. என் சின்னம்மா மகன் பெங்களூரில் வேலை பார்க்கும்போது மார்மன் சபையில் சேர்ந்தான். அவர்களுக்குத் தேயிலையும் காப்பியும் ஆகாது. பய ஊருக்கு வந்தான். பாட்டி கருப்பட்டிக் காப்பியோடு வந்தாள். "வேண்டாம் பாட்டி." வீடே ஆடிப்போச்சு! சபை மாறினதுகூட அவளுக்குப் பெரிதில்லை, காப்பியை மறுத்துட்டானே!

"காய்ச்சலாலே?"

"இல்ல பாட்டி."

"சீனி வியாதியா?"

"இல்ல பாட்டி, எங்க சபையில குடிக்கக் கூடாது."

பாட்டி டம்ளரோடு அடுக்களைக்குப் போனாள். காப்பிப்பொடி போடாமல், கருப்பட்டியும் சுக்கும் தட்டிப்போட்டுக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்தாள். பய ரெண்டு டம்ளர் குடித்தான்! நடுவர் அய்யா, துரைமார் மலையில் தோட்டம் போட்டுப் பரப்பின காப்பி வெளியே, நம்ம பனையில் இறக்கின கருப்பட்டி உள்ளே. இதில் எது தொலைந்தது?

ஆப்பிரிக்காவில் கானா நாட்டைப் பாருங்கள். அங்கே 1960களிலேயே இந்தச் சபையின் மறைநூலான மார்மன் புத்தகத்தைப் படித்தவர்கள் தாங்களாகவே சபை கூடி, அமெரிக்காவுக்குக் கடிதம் போட்டார்கள். அந்தச் சபையிலோ கறுப்பினத்தாருக்கு 1978 வரை குருத்துவமே கிடையாது! 1989இல் கானா அரசு அந்தச் சபைக்குத் தடை போட்டபோது, 1990 வரை வீட்டுக்குள் கூடி ஜெபித்தார்கள். யார் சொல்லி?

சரி, சட்டைக்கு வருகிறேன். எந்த மண்ணில் நின்று சட்டையைக் கிண்டல் செய்கிறீர்கள் அண்ணாச்சி? 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். பிறகு சபைப் பெண்கள் குப்பாயம் என்கிற மேல்சட்டை போட்டார்கள். அதன்மேல் உயர்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை போட்டால், நம்ம ஊர் அன்று இருந்த திருவிதாங்கூரில் குற்றம்! வேதம் மாறாத பெண்களும் மேலாடை உரிமைக்கே போராடினார்கள். சாமிதோப்பில் அய்யாவழி கண்ட வைகுண்டர் ஆண்களைத் தலைப்பாகை கட்டி வரச் சொன்னதும் இதே மானத்துக்குத்தான். 1859 ஜூலையில் மேலாடைக்கு அனுமதி தந்து அரசாணை வரும் வரை, குப்பாயத்தையும் சேர்த்துச் சந்தையில் வைத்துக் கிழித்தார்களே!

கிழிந்த குப்பாயத்தைக் கையால் அள்ளிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள் ஒருத்தி. ராத்திரியே ஊசி நூல் எடுத்து அதையே தைத்தாள். மறுநாள் அதையே போட்டுக்கொண்டு அதே சந்தைக்குப் போனாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் அண்ணாச்சி, "நீ உன்னைத் தொலைத்துவிட்டாய்" என்று!

மணி அடிச்சாச்சு. வணக்கம்.